11 வருடம், 1,28,000 கிலோமீட்டர், ஒரு நோட்டு: எந்த ஆயிலை எப்போது மாற்றினேன்

கார் வாங்கிய அன்றே கையேட்டோடு சேர்த்து ஒரு சின்ன நோட்டையும் உள்ளே போட்டு வைத்தேன். எந்த வேலை செய்தாலும் தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பொருள், எல்லாம் ஒரே வரியில். இப்போது அதைப் புரட்டினால் ஒன்று முகத்தில் அறைந்தாற்போல் தெரிகிறது. சுலபமாக மாற்றக்கூடியதைத் தேவைக்கு மேல் மாற்றியிருக்கிறேன். கண்ணில் படாததை மறந்தே போயிருக்கிறேன். முதல் 5 வருடத்தில் என்ஜின் ஆயில் 12 தடவை மாறியிருக்கிறது. பிரேக் ஆயில் ஒரு தடவைகூட இல்லை.

வண்டி சாதாரண பெட்ரோல் கார், கையால் போடும் கியர். தம்பியிடம் ஒரு டீசல் இருக்கிறது. இரண்டுக்கும் கணக்கு வேறு என்பதால் அதன் கதையும் இடையில் வரும்.

என்ஜின் ஆயிலில் தொடங்குகிறேன். கையேடு சொன்னது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. நான் மாற்றியது 5,000க்கு ஒரு தடவை. காரணம், மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டி, "பாருங்க சார், கறுத்துப் போச்சு" என்பார். கறுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கு மனசு கேட்கும்? ஆனால் ஆயில் கறுப்பது பல நேரம் அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். அதில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கும் ரசாயனங்கள் கரியை உலோகத்தில் ஒட்டவிடாமல் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே மை போலாகிவிடும். நிறத்தை வைத்து ஆயுளைச் சொல்ல முடியாது. ஆறாம் வருடத்திலிருந்து 10,000க்கு மாறினேன். இன்று வரை இரண்டு மாற்றத்துக்கு நடுவில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டிலிருந்து பாதிவரை இறங்குகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் எதிர்ப்பக்கத் தப்பையும் செய்தேன். ஏழாம், எட்டாம் வருடங்களில் வேலை வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தூரத்தில். வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது. ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்று 14 மாதம் விட்டுவிட்டேன். ஒரு நாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால், அதன் அடியில் வெண்ணெய் தடவியது போல வெளிர் மஞ்சளாக ஒரு பசை. ஆயிலும் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதென்றே நினைத்தேன். மெக்கானிக் அவசரப்படவில்லை. கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா, அதில் ஆயில் மிதக்கிறதா, டிப்ஸ்டிக்கில் இந்தப் பசை இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்தார். மூன்றும் சரி. "வண்டிய சூடே ஏறவிடாம ஓட்டுறீங்க" என்றார்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும், கூடவே எரியாத பெட்ரோலும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் இவை ஆவியாகி வெளியே போகும். வெப்ப முள் நடுவுக்கு வந்ததுமே என்ஜின் சூடாகிவிட்டதென்று நாம் நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடேற இன்னும் நேரமாகும், 3 கிலோமீட்டரில் அது நடக்காது.

கையேட்டின் பின்பக்கத்தில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஓர் அட்டவணை இருந்தது. அது லாரிக்கோ மலைப்பாதை வண்டிக்கோ என்று அதுவரை புரட்டியே பார்த்ததில்லை. படித்தால் முதல் வரியே 'அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுதல்'. அடுத்து புழுதி, நெரிசலில் நின்றபடியே என்ஜின் ஓடுவது, பாரம் இழுப்பது. வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் பூப்போல ஓட்டிய என் வண்டிதான் கடுமையாக உழைத்த வண்டியாம்! அந்த இரண்டு வருடத்தின் மிச்சத்துக்கு 6 மாதத்துக்கொரு முறை மாற்றினேன். மாதம் இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். பசை திரும்பி வரவில்லை.

ஆயில் மாறும் ஒவ்வொரு தடவையும் ஆயில் ஃபில்டரும் மாற வேண்டும். ஒரு முறை "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜின் ஆயில் இல்லாமல் நின்றுவிடக் கூடாதென்று ஒரு மாற்றுவழி வால்வு திறந்துகொள்ளும். அப்போது வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும். ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அதுதான் தொல்லை. கீழே இருக்கும் வடி போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நசுங்கி ஒரு தடவை அடைப்பதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய வளையம் அது. பழையதையே போட்டதில் எனக்கு வாரத்துக்கு ஒரு சொட்டு ஒழுகியது. அதிலிருந்துதான் ராத்திரி வண்டிக்கடியில் ஓர் அட்டைத் துண்டு போடும் பழக்கம் வந்தது.

ஆயிலின் தடிமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வண்டிக்கு 5டபிள்யூ-30. முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதற்கு. 'வண்டி பழசாயிருச்சு, கெட்டியா ஊத்துவோம்' என்று ஒரு தடவை 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் மேல்பக்கத்து டிக்டிக் சத்தம் அடங்க முன்பைவிட நேரமானது. அடுத்த மாற்றத்தில் கையேட்டுக்கே திரும்பினேன். சிந்தெடிக்கா மினரலா என்ற சண்டையைவிட, டப்பாவில் இருக்கும் தரக்குறியீடு கையேட்டோடு பொருந்துகிறதா என்பதுதான் பெரிய விஷயம்.

இனி என்னைப் பயமுறுத்திய கதை. ஆறாம் வருடம், நீண்ட இறக்கம். சோம்பேறித்தனத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவுக்கு முன் மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது. வண்டி வேகம் குறையவில்லை. இரண்டாவது தடவை மிதித்தேன், மூன்றாவதில்தான் ஏதோ பிடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக நிற்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் குழாய்கள் வழியாகக்கூட ஈரம் மெல்ல ஏறும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, பிறகு 140. கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் உள்ளே போனது, ஆறியதும் சரியானது. சரியானதும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதுதான் இதில் ஆபத்து.

அதுவரை ஒவ்வொரு சர்வீஸிலும் 'பிரேக் ஆயில் சரி' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பார்த்தது அளவை மட்டும். அளவு சரியாக இருப்பது வேறு, ஆயில் நன்றாக இருப்பது வேறு. எனக்கு வடித்தெடுத்தபோது துரு கரைந்த தண்ணீர் நிறத்தில் வந்தது. இப்போது ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 வருடத்துக்கொரு முறை மாற்றிவிடுகிறேன். மிச்சமான டப்பாவை அடுத்த முறைக்கென்று எடுத்து வைப்பதில்லை, திறந்த டப்பாவும் ஈரம் குடிக்கும். 4ஐவிட 5 பெரியதுதானே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 3, 4 போலவே கிளைக்கால் என்ற ரசாயன வகைதான். இன்னொன்று, பிரேக் கட்டை தேயத் தேய அளவு தானாகக் கொஞ்சம் இறங்கும். உடனே ஊற்றி நிரப்பாமல் கட்டையைப் பாருங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். என் முன் மட்கார்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது.

கூலன்ட்டில் நான் செய்த தப்பு ஒன்றுதான்: வழியில் குறைந்தபோது குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு அதை மறந்துபோனது. நாலாம் வருடம் வடித்தால் கலங்கலாக வந்தது. உப்புள்ள தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிவு கட்டும், துருவைத் தடுக்கும் ரசாயனமும் நீர்த்துப்போகும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஊர் திரும்பியதும் முழுக்க மாற்றிவிட வேண்டும். பிறகு ஒன்பதாம் வருடம் மாற்றினேன். இப்போதைய நீண்டகால வகைகள் பொதுவாக 5 வருடம் தாங்கும், பழைய வகை 2 வருடம்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, ஒரே நிறம் என்று கலக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. சிந்தினால் துடைத்துவிடுங்கள், இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும்; அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

கியர் ஆயிலுக்குக் கையேட்டில் மாற்றும் கணக்கே இல்லை, 'பரிசோதிக்கவும்' என்று மட்டும். ஆயுள் முழுக்க என்கிறார்கள், யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. 80,000த்தில் காலை நேரத்தில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும் மாற்றினேன். வடி போல்ட்டின் காந்தத்தில் கண்மை போலக் குழைவாக இரும்புத்தூள் அப்பியிருந்தது. துணுக்குத் துணுக்காக இல்லாதவரை அது சாதாரணத் தேய்மானம்தான். ஒரு வாரத்தில் கியர் இளகியது. முதலில் மேலே ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் வடி போல்ட். வடித்த பிறகு மேல் போல்ட் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஜிஎல்-4 என்ற தரக் கியர் ஆயில் கேட்கும் பெட்டிக்கு ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம், சிலவற்றில் அது உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். ஆட்டோமேட்டிக், படிப்படியான கியர் இல்லாத சிவிடி வண்டிகளில் அந்தந்தப் பெட்டிக்கென்று சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் பரிசோதித்துப் பார்க்காதீர்கள்.

ஏர் ஃபில்டர் என் நோட்டில் ஒரு குற்றக் கதை. 40,000த்தில் மாற்றியதாகப் பில் போட்டிருந்தார்கள். முந்தைய ஃபில்டரின் ரப்பர் ஓரத்தில் நான் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியின் கிளிப்பைத் திறந்தால் என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அன்றிலிருந்து அதை நானே மாற்றுகிறேன், 20,000க்கு ஒரு தடவை. சாலை வேலை நடந்த புழுதி வருடத்தில் 10,000த்திலேயே. அடைத்த ஃபில்டர் மைலேஜைத் தின்றுவிடும் என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் பெட்ரோல் கார்களில் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. என் அனுபவமும் அதுவே. கம்ப்ரசர் காற்றடித்துத் திரும்பப் போடுவதை நிறுத்திவிட்டேன். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் புழுதி நேராக என்ஜினுக்குள் போகும்.

ஏசி ஃபில்டர் என்று ஒன்று டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருப்பதே 6 வருடம் எனக்குத் தெரியாது. காற்று பலவீனமாகி, மழையில் கண்ணாடி பனிமூட்டம் பிடித்து, ஏசி போட்டதும் ஈரத்துணி வாசம் வந்தபோது எடுத்தேன். காய்ந்த இலை, பூச்சி இறக்கைகள், ஏதோ ஒரு குட்டிப்பிராணி சேர்த்த பஞ்சு. இப்போது வருடம் ஒன்று. 5 நிமிட வேலை, அம்புக்குறி காட்டும் திசை மட்டும் மாறக் கூடாது.

தம்பியின் டீசலுக்கு வருவோம். டீசல் ஃபில்டர் தண்ணீரையும் பிரித்துப் பிடிக்கிறது. அதன் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி அவ்வப்போது வடிக்க வேண்டும், தண்ணீர் விளக்கு எரிந்தால் உடனே. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வேலை செய்யும் அழுத்தத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் எமன். அவன் வண்டியில் புகைக்கரி வடிகட்டியும் உண்டு, அதற்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் சந்தோஷமாக, "ஆயில் குடிக்கவே இல்லண்ணா, கொஞ்சம் கூடியே இருக்கு" என்றான். டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. மூக்கருகில் வைத்தால் டீசல் வாசம். குறுகிய தூரமே ஓட்டியதால், புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரிந்து முடியாமல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. 4,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது, அன்றே மாற்றச் சொன்னேன். இன்னும் அந்த ஆயிலுக்காக அங்கலாய்க்கிறான்.

நோட்டில் அடுத்து வரவிருப்பது பிரேக் ஆயில், அடுத்த வருடம். என்ஜின் ஆயிலுக்கு இன்னும் 3,000 கிலோமீட்டர் இருக்கிறது. இன்று காலை அட்டைத் துண்டை எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். தொட்டு முகர்ந்தேன். நிறமில்லை, வாசமில்லை, பிசுக்கில்லை. நேற்று ராத்திரி ஓட்டிய ஏசியின் தண்ணீர்.