ஹோர்டோபாஜா, புகாட்ஸா? ஹங்கேரிப் புல்வெளிக்குப் போகிறவர்களுக்கு

ஹங்கேரியில் குதிரை மேய்ப்பர்களின் புல்வெளியைப் பார்க்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்போம். கிழக்கே டெப்ரெசென் நகரத்துக்கு அருகில் ஹோர்டோபாஜ், தெற்கே கெச்கெமேத் நகரத்துக்கு அருகில் புகாட்ஸ். பூடாபெஸ்ட்டைச் சுற்றியுள்ள பண்ணைகளில் அரை நாள் குதிரைக் காட்சி, சாப்பாடு, திரும்பும் பஸ் என்று சேர்த்து விற்பதும் உண்டு. ஆனால் புல்வெளிக்காகவே போகிறவர்களுக்கு அது வேண்டாம், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை பூடாபெஸ்ட்டில் தங்கியபோது செப்டம்பரில் ஒரு பகல் புகாட்ஸ் போனேன். அடுத்த வருடம் அக்டோபரில், தங்கை மகள் டெப்ரெசெனில் மருத்துவம் படிப்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு ஹோர்டோபாஜில் இரண்டு இரவு தங்கினேன். ஒரு பகலையும் இரண்டு இரவையும் ஒப்பிடுவது சரியா என்று கேட்டால், முழுக்கச் சரி இல்லைதான். ஆனால் ஓர் இடத்தில் தங்கத் தோன்றியதும் இன்னோர் இடத்தில் தங்க வழி தெரியாமல் போனதும்தான் என் முடிவுக்கே காரணம்.

குதிரைக் காட்சியை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு இடத்திலும் அதேதான். நீலச் சட்டையும் அகலப் பாவாடை போன்ற கால்சட்டையும் போட்ட சிகோஷ், அதாவது குதிரை மேய்ப்பவர், சாட்டையை வெடி மாதிரி சொடுக்குவார். குதிரையைத் தரையில் படுக்க வைப்பார். பின்னால் வரும் இரண்டு குதிரைகளின் முதுகில் ஒவ்வொரு கால் வைத்து நின்றபடி முன்னால் மூன்றையும் சேர்த்து ஐந்து குதிரைகளை ஓட்டுவார். கடைசியாகச் சொன்னது பழைய வழக்கம் இல்லை, லுட்விக் கோக் என்ற ஆஸ்திரிய ஓவியர் கற்பனையாக வரைந்ததைப் பார்த்து பின்னால் ஒரு மேய்ப்பர் செய்து பழகியது. எனக்குப் பிடித்தது மற்றதுதான். மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத வெளியில் ஆபத்து வந்தால் குதிரையைப் படுக்க வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பார்கள். வயிற்றுப் பட்டை இல்லாத அவர்களுடைய சேணமும் அப்படித்தான், கட்டி முடுக்க நேரமாகாது, தூக்கிப் போட்டு உடனே ஏறிப் போகலாம். பிழைப்பிலிருந்து வந்த வித்தை என்று தெரிந்து பார்க்கும்போது அது வேறாகத் தெரிகிறது.

புகாட்ஸுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அது கிஷ்குன்ஷாக் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி, 1975இல் அறிவிக்கப்பட்டது. நிலம் வெறும் தட்டை இல்லை. மணல் மேடுகள், ஜூனிபர் புதர்க்காடு, நடுவில் புல்வெளி என்று கண்ணுக்கு மாறிக்கொண்டே வரும். 2012இல் அந்த ஜூனிபர் காட்டில் பெரிய தீ பிடித்து ஏராளமாக எரிந்துபோனது. மேய்ப்பர்களின் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே உண்டு. பூடாபெஸ்ட்டிலிருந்து கெச்கெமேத் ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான், அதனால் வாடகைக் கார் எடுத்தால் காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஹோர்டோபாஜுக்கு அதைப்போல இரண்டு மடங்கு தூரம்.

கார் இல்லாவிட்டால்தான் கதை மாறுகிறது. நான் சொல்ல வந்ததே இதுதான். கெச்கெமேத்திலிருந்து புகாட்ஸ் போன குறுகிய பாதை ரயில் 2009இல் நின்றுவிட்டது. இப்போது பஸ்தான், இறங்கிய பிறகு பூங்கா வாயில் வரை, அங்கிருந்து காட்சி நடக்கும் இடம் வரை குதிரை வண்டியோ நடையோ. நான் போன அன்று காட்சி முடிந்ததும் சுற்றுலா பஸ்கள் கிளம்பிவிட்டன, கால் மணி நேரத்தில் இடம் காலி. எனக்கோ அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது, ஆனால் அதை விட்டால் எப்படித் திரும்புவது என்ற கவலையில் மணல் மேட்டுப் பக்கம் போகாமல் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்து புல் பொன்னிறமாக மாறுகிற நேரம் அது, அதை நிறுத்தத்திலிருந்து பார்த்தேன் என்பது இன்றைக்கும் வருத்தம்தான்.

ஹோர்டோபாஜில் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. டெப்ரெசெனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கி நடந்தால் 1833இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுக் கல்பாலம், 167 மீட்டர் நீளம், அதற்குப் பக்கத்தில் பழைய சத்திரம். குதிரைகளும் சாம்பல் நிற மாடுகளும் இருக்கிற மாத்தா பண்ணைக்கு ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே குதிரை வண்டியில் ஏற்றி மேய்ச்சலுக்குள் கூட்டிப்போகிறார்கள். முறுக்கிய கொம்பு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் ராட்ஸ்கா செம்மறி, நீளமான கொம்பு விரிந்த மாடு, தண்ணீருக்குள் எருமை, அப்புறம் வழியில் நம்ம ஊர் ஏற்றமேதான், துலாக்கம்பு போட்ட கிணறு. அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன்.

இந்த நிலம் இப்படி மேய்ச்சலாகவே மிஞ்சியதற்குக் காரணம் மண். களர் நிலம், உழுது பயனில்லை. டிசா ஆற்றுக்கு 19ஆம் நூற்றாண்டில் கரை கட்டியதால்தான் மண் உவர்ந்தது என்று நெடுநாள் நம்பியிருக்கிறார்கள். பிறகுதான் அது பனியூழிக் காலத்திலிருந்தே அப்படி என்று தெரிந்தது. ஹங்கேரியின் முதல் தேசியப் பூங்கா இதுதான், 1973. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலிலும் சேர்த்தார்கள், அதுவும் வெறும் இயற்கை என்று இல்லாமல் மனிதரும் மந்தையும் சேர்ந்து உருவாக்கிய நிலக்காட்சி என்று. மந்தையை ஏப்ரல் 24, செயின்ட் ஜார்ஜ் நாளில் வெளியே ஓட்டி, அக்டோபர் 26, செயின்ட் டெமிட்ரியஸ் நாளையொட்டி உள்ளே ஓட்டுவது பழைய கணக்கு. கிஷ்குன்ஷாக் பூங்கா ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, இங்கேயோ கண்ணுக்கு எட்டும் தூரம் ஒரே வெளி.

ஆனால் இவ்வளவும் பகலில் பார்த்தது. மாலை ஐந்து மணிக்குச் சுற்றுலா பஸ்கள் போன பிறகு நாங்கள் அங்கேயே இருந்தோம். அக்டோபரில் வடக்கேயிருந்து இறங்கும் பெருங்கொக்குகள் இங்கே தங்கிப் போகும், உச்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். இருட்டுகிற நேரத்தில் வயல்களிலிருந்து மீன்குளங்களுக்குத் திரும்பும். சத்தம்தான் முதலில் வரும், எங்கிருந்து என்று தெரியாது, பிறகு வானம் முழுக்கக் கோடு கோடாக. "மாமா, கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள். அறை ஊரிலேயே இருக்கிறதே என்றேன். அன்றிரவு வெளியே வந்து நின்றோம், விளக்கே இல்லாத வெளி அது. 2011இல் பன்னாட்டு இருள்வானப் பூங்கா என்று அங்கீகரிக்கப்பட்ட இடம். பால்வீதியை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாளாம்.

மீன்குளங்களுக்கு அதே ரயில் பாதையில் தனி நிறுத்தம் இருக்கிறது, பருவத்தில் குளங்களுக்கு நடுவே சின்ன ரயிலும் ஓடும். நம் கானமயிலின் உறவான பெரிய பஸ்டர்டும் இந்தப் புல்வெளியில் உண்டு, எங்கள் கண்ணில் படவில்லை.

சாப்பாடு இரண்டு இடத்திலும் கறிதான் பிரதானம். கூலாஷ் என்ற கறிக் குழம்பின் பெயரே மாடு மேய்ப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சைவக்காரர்கள் பொரித்த சீஸைக் கேட்டு வாங்கலாம். ஹோர்டோபாஜ் பான்கேக் என்று பட்டியலில் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே கறி.

சின்னக் குழந்தைகளோடு, கையில் காரோடு, பூடாபெஸ்ட்டிலிருந்து ஒரே நாள்தான் என்றால் புகாட்ஸ் போங்கள், மணல் மேட்டில் அவர்கள் ஓடி விளையாடுவார்கள். மற்றபடி ஹோர்டோபாஜ்தான், ஓர் இரவாவது தங்குங்கள். கோடையில் நான் போனதில்லை, நிழல் என்று ஒன்று அங்கே கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் என்றால் தடித்த சட்டையும் ஒரு டார்ச்சும் கட்டாயம், பாலத்துப் பக்கத்திலிருந்து அறைக்குத் திரும்பும் வழி நல்ல இருட்டு.