சேற்றோடு சேர்த்து பேலன்சிங்: டெல்டா பிக்கப் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் நெல் சீசனில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் அடுத்த தடவை டயர் கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வேலை எப்படி நடந்தது என்பது தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் உஷாராக இருக்கலாம்.

வண்டி, 15 இன்ச் இரும்பு ரிம்மில் 215/75 டயர் போட்ட பிக்கப். களத்துமேடு வரை இறங்கி மூட்டை ஏற்றி, கொள்முதல் நிலையத்தில் இறக்குகிற வண்டி. தார் ரோட்டில் 70-ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கியது. கடையில் நாலு சக்கரத்துக்கும் பேலன்சிங் (எடை சுற்றிலும் சமமாக இருக்க ரிம் விளிம்பில் சிறு வெயிட் துண்டுகளை அடிப்பது), முன்னும் பின்னும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), டயருக்கு நைட்ரஜன் என்று பில் போட்டார்கள். வெளியே வந்தபோது நடுக்கம் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி ஆட்டம், முன்னைவிட மோசமாக. திரும்பப் போனால் பதில் தயாராக இருந்தது: "டயர் உள்ள பெல்ட் விட்டுப்போச்சுண்ணே, முன்னாடி ரெண்டையும் மாத்திடுங்க." பெல்ட் என்றால் டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு. அன்றே இரண்டு புது டயர் ஏறியது.

பழைய டயர்களை அங்கே விடாமல் தூக்கி வந்ததால்தான் விஷயம் வெளிவந்தது. வேறொரு கடையில் அவற்றைச் சுத்தமான ரிம்மில் மாட்டிச் சுற்றியபோது 15, 20 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. வீக்கம் இல்லை, பெல்ட்டும் விடவில்லை. அப்புறம் பின் சக்கரங்களைக் கழற்றினால், ரிம்மின் உள்பக்கக் குழியில் கருங்களிமண் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. வெயிட் எல்லாம் வெளிப்பக்கம் மட்டும். உள்விளிம்பில் ஒன்றுகூட இல்லை. சேற்றைச் சுரண்டாமலே மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள். முன் சக்கரத்திலும் அதே வேலைதான் நடந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஆட்டம் கூடியதற்குக் காரணம் இதுதான். ரிம்மில் ஒரு பக்கம் 80 கிராம் சேறு இருந்தால் மெஷின் அதையும் ரிம்மின் எடையாகவே எண்ணி, எதிர்ப்பக்கம் வெயிட் கேட்கும். அதைப் போட்டதும் திரை சுழியம் காட்டும், வண்டியும் நன்றாக ஓடும். காய்ந்த சேறு இரண்டு நாள் குலுங்கலில் உதிர்ந்த பிறகு, அதைச் சமன்செய்யப் போட்ட வெயிட்டே சக்கரத்துக்குப் பாரம். நம் களிமண்ணுக்கு இது வழக்கமான குணம்: ஈரத்தில் பசை, காய்ந்தால் பொருக்கு.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். இந்த அளவுச் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் பத்துச் சுற்று சுற்றும். ரிம் விளிம்பில் 60 கிராம் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய நாலரைக் கிலோ இழுவை. வேகம் பாதியானால் இழுவை கால் பங்காகிவிடும். 40-ல் ஒன்றும் தெரியாமல் 70, 80-ல் உதறுவது அதனால்தான். மாறாக 30-லேயே தள்ளாடினால் பேலன்சிங்கைக் குறை சொல்லாதீர்கள். டயர் வட்டம் கெட்டிருக்கும், ரிம் வளைந்திருக்கும், அல்லது நிஜமாகவே பெல்ட் விட்டிருக்கும். பெல்ட் விட்டதா என்று தெரிய மெஷினே வேண்டாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயர் பட்டனை (தரையில் படும் மேல்பகுதியை) ஒட்டி ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று குறைந்தால், அங்கே உள்ளங்கையால் தடவினால் மேடு தட்டுப்பட்டால், பெல்ட் விட்டிருக்கிறது. இதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் "டயர் போச்சு" என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

சரியான வேலை தண்ணீரில்தான் தொடங்கும். நாலு ரிம்மையும் உள்ளும் வெளியும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். பட்டனுக்குள் சிக்கிய ஜல்லியை ஸ்க்ரூ டிரைவரால் எடுக்க வேண்டும். பழைய வெயிட் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். பழையதை விட்டுவிட்டு அதன் எதிரில் புதிதாக அடிப்பது சோம்பேறி வேலை. ஒரே விளிம்பில் மூன்று நான்கு இடத்தில் வெயிட் சிதறிக் கிடந்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது.

மெஷினில் ஏற்றியதும் மூன்று அளவு கொடுக்க வேண்டும்: மெஷினிலிருந்து ரிம் விளிம்புக்குத் தூரம், ரிம் அகலம், விட்டம். முன்னால் வந்த காரின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்குகிற பையன்கள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் தனித்தனி எண் வரும். வெளியே மட்டும் வெயிட் அடித்தால் சக்கரம் மேலும் கீழும் குதிப்பது அடங்கலாம், பக்கவாட்டு உதறல் அடங்காது. இரும்பு ரிம்முக்குக் கிளிப் வெயிட்தான். ஒட்டும் வெயிட் அலாய்க்கு. வெயிட் போட்ட பிறகு மறுபடி சுற்றி, இரண்டு பக்கமும் சுழியம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதோடு ஒரு சோதனை கேளுங்கள், பிடிக்காது, ஆனாலும் கேளுங்கள். சக்கரத்தை மெஷினிலிருந்து தளர்த்தி, அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். எண் 10 கிராமுக்கு மேல் மாறினால் சக்கரம் நடுவில் உட்காரவில்லை. பிக்கப் ரிம்மின் நடுத்துளை பெரிது. காருக்கான கோனை (சக்கரத்தை மெஷினில் நடுவாகப் பிடிக்கும் கூம்பை) போட்டு ஒப்பேற்றினால் இப்படித்தான் ஆகும். துளை விளிம்பில் துருவோ சேறோ இருந்தாலும் இதே கதை.

ஒரு பக்கத்துக்கு 100 கிராமுக்கு மேல் கேட்டால் வெயிட்டை அடுக்காதீர்கள். காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைவட்டம் திருப்பி மாட்டிப் பார்த்தால் பல நேரம் குறையும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் இலேசான இடம். வால்வுக்கு நேராக வர வேண்டும். அந்தக் கடை போட்ட டயரில் புள்ளி வால்வுக்கு நேர் எதிரே இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் பக்கச்சுவரில் இருந்த நாலு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். "புதுசு" என்று விற்றபோதே அது மூன்று வருடத்துச் சரக்கு. மாட்டுவதற்கு முன்னால் இந்த எண்ணைப் படியுங்கள், மாட்டிய பிறகு வாயே திறக்க மாட்டார்கள்.

பில்லில் இருந்த மற்றவை பற்றி நீட்ட வேண்டாம். பின்னால் முழு ஆக்ஸிலும் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டியில் அலைன்மென்ட்டுக்குத் திருப்ப ஒன்றும் கிடையாது. பின் அலைன்மென்ட்டுக்குத் தனிக் காசு வாங்கினால் அது சும்மா காசு. நைட்ரஜனுக்கும் தனிக் காசு தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். பஞ்சர் ஆகாது என்று டயருக்குள் ஊற்றும் ஜெல்லைப் பேலன்சிங்குக்கு முன் ஊற்றவிடாதீர்கள். வண்டி நிற்கும்போது அது அடியில் தேங்கும், மெஷினில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வரும்.

நாகப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றுகிற வண்டிகளுக்குத் தொல்லை வேறு மாதிரி. உப்புத் தண்ணீர் வடிந்து ரிம் விளிம்பு செதில் செதிலாகத் துருப்பிடிக்கும். கிளிப் பிடிக்காது, டயர் உட்காரும் இடத்தில் காற்றும் கசியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காமல் அந்த ரிம்மில் பேலன்சிங் செய்வது வீண்.

உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல் தண்டு). பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க் அல்லது டிரம். லோடுக்கு ஏற்றிய காற்றோடு காலி வண்டியை ஓட்டினால் துள்ளும். பேலன்சிங் போனதாக எண்ணிவிட வேண்டாம். வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் காலிக்கும் லோடுக்கும் தனி அளவு இருந்தால் அதன்படி வையுங்கள்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஏர் கன்னால் வரிசையாக அடிக்கவிடாதீர்கள். எதிர் எதிர் நட்டாகக் கையால் ஏற்றி, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். பில்லில் சக்கரவாரியாக எத்தனை கிராம், டயரின் வார எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசினாலும், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், "பேலன்சிங் 4" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து எதையும் நிரூபிப்பது கஷ்டம்.