சூரியநெல்லியா, காந்தளூரா? கோடையில் மலை ஓட்டத்துக்குத் தங்க எந்த ஊர்

வழிகாட்டி இல்லாமல் நான்கைந்து நாள் மலையில் ஓடிவிட்டு வர வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில் என்றால், மூணாறைச் சுற்றிக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு ஊர்கள். போடிமெட்டு வழியில் சூரியநெல்லி, உடுமலை வழியில் காந்தளூர். மூணாறு டவுனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மே மாதத்தில் சுற்றுலா வண்டிகளின் புகையைக் குடிக்க யாரும் மலையேற வேண்டாம். வட்டவடை அருமையான ஊர்தான். ஆனால் டாப் ஸ்டேஷனிலிருந்து அங்கே போகும் ரோடு பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவை ஊடுருவிப் போகிறது. வண்டியில் கடக்கலாம், ஓடிக் கடக்க முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு காந்தளூருக்கு. காட்சியைப் பார்த்துப் போட்ட ஓட்டு அல்ல. காட்சி என்றால் சூரியநெல்லியே ஜெயிக்கும். அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் 500 மீட்டருக்கு மேல் உயரம் கூடுகிறது. உச்சியில் நின்றால் கிழக்கே தேனிச் சமவெளி மொத்தமும் காலடியில். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டி ஏற வழி கேரளப் பக்கம்தான். இந்த வேடிக்கையால் ஓடுபவருக்கும் ஒரு சங்கடம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். குளிர், உயரம், பாதையின் கரடுமுரடு எல்லாவற்றிலும் சூரியநெல்லிக்கே மதிப்பெண். போடிக்கு 2023 ஜூனில் சென்னையிலிருந்து ரயிலும் வந்துவிட்டதால் வந்து சேர்வதும் சுலபம்.

அப்படியிருந்தும் காந்தளூரைச் சொல்லக் காரணம் ஒன்றே ஒன்று: ஓட்டம் பாதியில் நின்றுபோனால் எப்படித் திரும்புவது? கணுக்கால் பிசகலாம், வயிறு கலங்கலாம், வழியில் ஆனை நிற்கலாம். வழிகாட்டியோடு போனால் அது அவர் கவலை. தனியாகப் போனால், பாதையின் அழகை விடப் பாதையிலிருந்து வெளியேறும் வழிகளின் எண்ணிக்கைதான் முக்கியம்.

கொழுக்குமலைப் பாதையில் அந்த எண்ணிக்கை ஒன்று. ஏறிய வழியேதான் இறங்க வேண்டும். இருபுறமும் எஸ்டேட் நிலம், உச்சிக்கு அப்பால் செங்குத்துச் சரிவு. சூரிய உதயம் பார்க்கும் ஜீப்புகள் விடியுமுன் நாலு மணி அளவில் ஏறி, எட்டு ஒன்பது மணிக்குள் வரிசையாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஏறினால் ஓடுபவருக்குப் புழுதிக் குளியல். அவை போன பிறகு ஏறினால் பாதை வெறிச்சோடிவிடும், காலைப் பிசகிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏற்றிச் செல்ல ஆள் வராது. கூட்டமும் தொல்லை, கூட்டமின்மையும் தொல்லை.

“அந்தப் பக்கம் குரங்கணிக்கு இறங்கிவிடலாமே” என்று தோன்றும். மேப்பைத் திறந்தால் கோடும் தெரியும். சங்கடம் என்றது இதைத்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது வனத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடுதான் காட்டுக்குள் போக முடியும். தீக்காலத்தில், வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, அதுவும் கிடையாது. 2018-க்கு முன் யாரோ நடந்து பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்கள் மட்டும் இன்னும் செயலிகளில் கிடக்கின்றன. கோடு இருக்கிறது என்பதற்காக வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், வெளியேறப் போய் வழக்கில் மாட்டலாம்.

இனி காந்தளூர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ஊர்கள். பூண்டு, பீன்ஸ் போட்ட படிக்கட்டு வயல்கள், கீழே பாம்பாற்றங்கரையில் மறையூர் வெல்லத்துக்கான கரும்பு. ஊருக்கும் ஊருக்கும் இடையே மண் ரோடு, வரப்பு, ஒற்றையடிக் குறுக்குப் பாதை என்று பின்னிக் கிடக்கிறது. ஒரு பாதை சரியில்லை என்றால் அடுத்ததில் இறங்கிவிடலாம். எங்கே நின்றாலும் ஒரு வீடோ, ஒரு டீக்கடையோ, பால் ஏற்றும் ஜீப்போ எட்டும் தூரத்தில் இருக்கும். வட்டமாக ஓடி முடிக்கலாம், போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

நீளமாக ஓடும் நாளுக்கு என் சிபாரிசு, கீழே மறையூர்ப் பக்கம் இருக்கும் கோவில்கடவிலிருந்து காந்தளூர் ஏற்றம். பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். நூறு மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் சமதளம் என்று வைத்தால் பதினேழு கிலோமீட்டர் உழைப்பு. இங்கே பலர் செய்யும் தவறு, அறையிலிருந்து கிளம்பிக் கீழே ஓடிவிட்டு, பிறகு ஏறி வருவது. உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் சுமார் 6.5 டிகிரி சூடு கூடும். அந்தக் கணக்கில் கோவில்கடவு காந்தளூரை விட மூன்று டிகிரி சூடு. இறக்கத்தில் தொடைத் தசை நைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும், ஏற்றமோ பாக்கி இருக்கும். அதற்குப் பதில் விடியலில் ஜீப்பில் கீழே இறங்கி, வெளிச்சம் வந்ததும் மேல்நோக்கி ஓடுங்கள். நேரம் போகப் போகக் குளிர்ந்த இடத்துக்கு வருகிறீர்கள். களைத்து நின்றாலும் அறை இருக்கும் திசையில்தான் நிற்கிறீர்கள். நீண்ட இறக்கத்தைக் கடைசி நாளுக்கு வைக்க வேண்டும். இறக்கத்தின் தொடை வலி அன்று தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

ஆனை இரண்டு ஊருக்கும் பொது. சூரியநெல்லி இருக்கும் சின்னக்கானல் பகுதியில் ஆபத்து கொஞ்சம் கூடுதல். அரிக்கொம்பன் என்ற காட்டானையை 2023 ஏப்ரலில் பிடித்துக் கொண்டுபோனது அங்கிருந்துதான். மற்ற ஆனைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் காந்தளூரில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பலா பழுக்கும் மாதங்களில் ஊருக்குள்ளேயே வரும். கிளம்புமுன் டீக்கடையில் “அண்ணே, ராத்திரி ஆனை எந்தப் பக்கம்?” என்று கேட்பதை விட நல்ல செயலி கிடையாது. ஆறரை மணிக்கு முன் ஓட வேண்டாம், காதில் பாட்டு வேண்டாம். முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாத வளைவுகளில் நடங்கள். ஈரம் காயாத ஆனைச் சாணம் கிடந்தால் அதோடு திரும்பிவிட வேண்டும். இன்னொன்று, வயல்களைச் சுற்றிச் சோலார் மின்வேலி உண்டு. குறுக்குப் பாதையில் முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய கம்பி போகும். வியர்த்த காலோடு ஓடும்போது கண்ணுக்கே படாது. பக்கத்தில் வெள்ளை இன்சுலேட்டர் தெரிந்தால் நின்று பாருங்கள்.

மேலே மன்னவன் சோலை ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. கீழே சின்னார் சரணாலயம், நடுவில் சந்தனக்காடு. மூன்றிலும் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊர், வயல், ஊராட்சி ரோடு இவ்வளவுதான் ஓடுகளம். அதுவே நான்கு நாளுக்குத் தாராளம்.

கோடை மழை மதியத்துக்கு மேல்தான் வரும், இடியோடு வரும். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை மின்னலுக்கு எச்சரிக்கை என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. விடுமுறை ஜூனுக்குத் தள்ளிப் போனாலும் காந்தளூர் கைகொடுக்கும், மறையூர்ப் பள்ளத்தாக்கு மலை மறைப்பதால் மழை குறைந்த மழைமறைவுப் பகுதி. அட்டைத் தொல்லையும் குறைவு. ஆனால் இங்கே சொன்ன நேரக் கணக்கெல்லாம் ஏப்ரல், மே மாதங்களுக்கானது, முழுப் பருவமழைக்கு அதை நீட்ட வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கொட்டினால் தாகம் கூடும், வயிறும் கெடும். எஸ்டேட் ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்பது சூரியநெல்லிப் பக்கம் பலரும் செய்யும் பிழை. கையில் கொண்டுபோகும் ஃபில்டர்கள் பெரும்பாலும் கிருமியைத்தான் பிடிக்கும், தேயிலைக்கு அடித்த மருந்தைப் பிடிக்காது.

காந்தளூரின் குறைகளையும் சொல்ல வேண்டும். பாதையில் பாதி தாரும் காங்கிரீட்டும், அடியில் ஆழமான பல் வைத்த ஷூ அங்கே வீண், 4 மில்லிமீட்டர் பல் போதும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மூணாறோ உடுமலையோ போக வேண்டும், இரண்டுமே மறையூரிலிருந்து 40 கிலோமீட்டர் அளவு. கரடுமுரடான மலைப்பாதையில் கைகால் சிராய்த்துப் பழகிய, மூன்று நான்கு பேர் சேர்ந்து போகும் குழு என்றால், சூரியநெல்லியைத் தேர்ந்தெடுங்கள் என்றே சொல்வேன். ஒருவர் அடிபட்டால் இன்னொருவர் ஓடி ஆள் கூட்டிவர முடியும்.

உடுமலையிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறினால் மறையூரில் இறங்கி, காந்தளூருக்கு ஜீப் பிடிக்கலாம். நடுவே சின்னார் சரணாலயம் இருப்பதால் இரவுப் பயணத்தை நம்ப வேண்டாம், வெளிச்சம் இருக்கும்போதே செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள். மறையூரில் ஜீப் பிடிக்கும்போதே, மறுநாள் விடியலில் கோவில்கடவுக்கு இறக்கிவிட அதே டிரைவரிடம் பேசிவைத்துவிடலாம்.