ஹம் எக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஆம்ப்ல வர்றது எந்த ஹம்னு பாருங்க

எப்டெக் கம்பெனியோட ஹம் எக்ஸ், அதாவது ஆம்ப் கார்டுல சொருகற இரைச்சல் தடுப்பு டப்பா, வாங்கலாமா வேணாமான்னு பழைய ட்யூப் கிடார் ஆம்ப் வச்சிருக்கற நம்மாளுங்க அடிக்கடி கேக்குறாங்க, அதான் விவரமா எழுதிடலாம்னு. நேரா விஷயத்துக்கு வரேன். உங்க ஹம் (ஊம்ம்னு வர்ற இரைச்சல்) கிரவுண்ட் லூப்னால, அதாவது ரெண்டு ஆம்ப்போட எர்த் ரெண்டு வழியா சேர்ந்து வளையம் ஆகறதால வருதுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். வேற எதுனால வந்தாலும் இதுக்கு போடற காசு தண்டம், அந்த காச ஆம்ப் மெக்கானிக் கிட்ட குடுங்க.

நான் இருக்கறது நியூஜெர்சி. 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஒண்ணு, பக்கத்துல 70கள்ல வந்த சில்வர்ஃபேஸ் பிரின்ஸ்டன் ரிவர்ப் ஒண்ணு, ஸ்டீரியோ டிலே பெடல்ல இருந்து ரெண்டுக்கும் போகும். தனித்தனியா வாசிச்சா ரெண்டும் அமைதியா இருக்கும், ரெண்டையும் சேர்த்து சொருகினா உடனே ஊம்ம்ம்னு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம். கிரவுண்ட் லூப்புக்கு இதான் அடையாளம். ரெண்டு ஆம்ப் சேசிஸும் (உள்ள இருக்கற இரும்பு சட்டம்) எர்த் பின் வழியா சுவத்துக்குள்ள ஏற்கனவே சேர்ந்துதான் இருக்கு, மேல கிடார் கேபிளோட ஷீல்டு (உள் ஒயர சுத்தி இருக்கற வலை) இன்னொரு தடவ ரெண்டையும் சேர்க்குது, இப்ப ஒரு பெரிய வளையம் ஆயிடுச்சு, அந்த வளையத்துல ஓடற துளியூண்டு கரண்ட ஆம்ப் கிடார் சிக்னல்னு நினைச்சு பெருசாக்கி ஸ்பீக்கர்ல விடுது. ஒரு ஆம்ப்புக்கு போற கேபிள அந்த ஆம்ப்ல இருந்து உருவுங்க, சத்தம் சட்டுனு நின்னா லூப்தான், வேற டெஸ்டே வேணாம்.

ஹம் எக்ஸ் பாக்க ஒரு சின்ன டப்பா, சுவத்து பிளக்குக்கும் ஆம்ப் கார்டுக்கும் நடுவுல உக்காரும். 120 வோல்ட் மூணு பின், 6 ஆம்பியர் வரைக்கும் தாங்கும். டீலக்ஸ் ரிவர்ப்போட ஃப்யூஸே 2 ஆம்பியர்தான்ங்கறதால அந்த கவலை வேணாம். எர்த் ஒயர்ல ஓடற அந்த சின்ன கரண்ட மட்டும் தடுக்குது, நிஜமாவே ஏதாவது ஷார்ட் ஆகி பெரிய கரண்ட் வந்தா எர்த்துக்கு விட்டுடுது. ரெண்டு ஆம்ப்ல ஒண்ணுக்கு மட்டும் போட்டா போதும். நான் பிரின்ஸ்டனுக்கு போட்டேன், ஊம்ம் மொத்தமா போச்சு, டோன்ல எந்த வித்தியாசமும் தெரியல, சிக்னல் போற பாதையில இது வரவே இல்லங்கறதால தெரியவும் கூடாது.

இதுக்கு நான் காசு குடுக்க சொல்றதுக்கு முக்கியமான காரணம் சத்தம் கூட இல்லங்க. ஹம் போகலன்னா எர்த் பின்ன வெட்டிடு, இல்ல மூணு பின்ன ரெண்டு பின்னா மாத்தற அந்த அடாப்டர போட்டுடுன்னு இன்னிக்கும் சில பேர் சொல்லிக் குடுக்கறாங்க. சத்தியமா சொல்றேன், அத மட்டும் பண்ணாதீங்க. ஸ்டோன் த க்ரோஸ் பேண்ட் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972ல ஸ்வான்சீ நகரத்துல மேடையிலயே ஷாக் அடிச்சு செத்துப் போனாரு, எர்த் சரியா இல்லாத மைக்க தொட்டதுதான் காரணம். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல வீட்ல எலக்ட்ரிக் கிடார் வாசிக்கும்போது போனாரு, அதுவும் எர்த் பிரச்சனைதான். கிடார் கம்பி நம்ம கையில இருக்கு, அந்த கம்பி சேசிஸோட சேர்ந்து இருக்கு, இத மறக்கவே கூடாது.

அதே மாதிரி 60கள் ஆம்ப்ல ஒரிஜினல் ரெண்டு பின் கார்டு இன்னும் இருந்தா ஹம் எக்ஸ் பத்தி யோசிக்கவே வேணாம், எர்த் ஒயரே இல்லாத இடத்துல அது எத தடுக்கும்? அந்த ஆம்ப்ல பின்னாடி கிரவுண்ட் சுவிட்ச்னு ஒண்ணு இருக்கும், அதுல இருந்து சேசிஸுக்கு 0.047 மைக்ரோஃபேரட் 600 வோல்ட் கெபாசிட்டர் ஒண்ணு போகும், டெத் கேப்னு இதத்தான் சொல்றாங்க. அது உள்ள ஷார்ட் ஆனா மெயின்ஸ் 120 வோல்ட் நேரா சேசிஸ்ல, அதாவது உங்க கையில. என் டீலக்ஸ்ல மொத வேலையா அத கழட்டி, மூணு பின் கார்டு போட்டு, பச்ச ஒயர தனி போல்ட் போட்டு சேசிஸ்ல இறுக்க சொன்னேன். கரண்ட் வர்ற ஹாட் ஒயர் முதல்ல ஃப்யூஸுக்கும் அப்புறம் சுவிட்சுக்கும் போகணும். ஒரிஜினாலிட்டி போயிடும் ரீசேல் வேல்யூ போயிடும்னு பேசறவங்க பேச்ச காதுல வாங்காதீங்க.

சரி, ஹம் எக்ஸ் போட்டும் சத்தம் போகலன்னா? ஒத்த ஆம்ப் தனியா நிக்கும்போதே ஹம் வருதுன்னா அது லூப் இல்ல. காத வச்சு கேளுங்க. அஞ்சாவது கம்பி ரெண்டாவது ஃப்ரெட்ல வர்ற பி நோட்டுக்கு ஒரு இழை கீழ கேட்டா அது 120 ஹெர்ட்ஸ், வால்யூம் நாப மொத்தமா குறைச்சும் அப்படியே இருந்தா பவர் சப்ளை ஃபில்டர் கெபாசிட்டர் காஞ்சு போச்சுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ் கரண்ட், அதனால அங்க இது ரெண்டு மடங்கா 100 ஹெர்ட்ஸ், ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட் ஜி நோட்ட விட கொஞ்சூண்டு மேல. டீலக்ஸ் ரிவர்ப்ல இந்த கெபாசிட்டர் எல்லாம் சேசிஸுக்கு வெளிப்பக்கம் ஒரு தகர மூடிக்குள்ள இருக்கும், 16 மைக்ரோஃபேரட் 450 வோல்ட், அஞ்சு. அறுபது வருஷம் ஆன இந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இன்னும் வேலை செய்யுதேன்னு விட்டு வைக்கக் கூடாது, மொத்தமா மாத்தணும், கூடவே பவர் ட்யூப்களுக்கான பயாஸ் கெபாசிட்டரும். ஆஃப் பண்ணின பிறகும் அதுல 400 வோல்ட் கிட்ட நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணத் தெரியாதவங்க மூடிய திறக்காதீங்க.

வால்யூம ஏத்தினா கூடவே ஹம்மும் ஏறுதுன்னா முன்பக்க ட்யூப்ல, அதாவது சிக்னல் முதல்ல போற பிரீஆம்ப் பக்கம் எங்கயோ. பவர் ட்யூப்களுக்கு சிக்னல ரெண்டா பிரிச்சு அனுப்பற ஃபேஸ் இன்வெர்ட்டர் ட்யூப், டீலக்ஸ்ல அது 12ஏடி7, அத உருவியும் ஹம் இருந்தா பின்பக்கம் (பவர் ட்யூப், பவர் சப்ளை), நின்னுடுச்சுன்னா முன்பக்கம். கன்ட்ரோல் பேனலுக்கு பின்னாடி ஒரு பித்தளை தகடு ஓடும், பிரீஆம்ப் எர்த் எல்லாம் அதுலதான் பத்த வச்சிருக்கும், என்னோடதுல ஒரு ஜாயின்ட் பாக்க பளபளன்னு நல்லாதான் இருந்துச்சு, குச்சியால லேசா தட்டினா சத்தம் விட்டு விட்டு வந்துச்சு. சின்ன சோல்டரிங் அயர்னால தகட்ட சூடாக்கவே முடியாது, பெரிய அயர்ன் வச்சாதான் ஈயம் பிடிக்கும். ரிவர்ப் நாப ஏத்தினா மட்டும் ஹம் வந்தா கீழ பையில இருக்கற ரிவர்ப் டேங்க பாருங்க, அவுட்புட் பக்கம் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட வந்திருக்கும், திருப்பி வச்சா போதும், காசே ஆகாது. சிங்கிள் காயில் கிடாரோட நீங்க திரும்பி நின்னா சத்தம் மாறுதுன்னா கிடாரோட பிக்கப்தான் அத பிடிக்குது, ஆம்ப் மேல தப்பே இல்ல.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்னு 230 வோல்ட் ஊர்கள்ல இருக்கறவங்க இந்த 120 வோல்ட் டப்பாவ வாங்காதீங்க. உங்களுக்கு ரெண்டு ஆம்ப் பிரச்சனைன்னா ஒரு அவுட்புட்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கற ஸ்ப்ளிட்டர் (ஒரு கிடார ரெண்டு ஆம்ப்புக்கு பிரிக்கற பெட்டி) வாங்குங்க, லேலே பி ஸ்ப்ளிட், ரேடியல் பிக்ஷாட் ஏபிஒய் ரெண்டுலயும் அது இருக்கு. எர்த்த தொடாம கேபிள் ஷீல்டு பக்கமே வளையத்த வெட்டிடும், சேஃப்டிக்கு ஒரு குறையும் வராது. ரெண்டு ஆம்ப்பையும் சேர்த்து வாசிக்கும்போது பேஸ் காணாம போய் சவுண்டு சப்புன்னு ஆயிடுச்சுன்னா ஸ்ப்ளிட்டர்ல இருக்கற ஃபேஸ் சுவிட்ச ஒரு தடவ தட்டிப் பாருங்க, ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுத்துட்டு இருக்கும்.