மோட்டார் பேரிங்குகள்: அதிர்வுமானி, மீயொலிக் கருவி, கிரீஸ் துப்பாக்கி – நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பின்

தொழிற்சாலை மோட்டார்களின் பேரிங்குகளைப் பராமரிக்கவும் அவற்றின் பழுதை முன்கூட்டியே அறியவும் வாங்கிய கருவிகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். எங்கள் பொறுப்பில் இருப்பவை பெரும்பாலும் விசிறிகளையும் பம்புகளையும் ஓட்டும் நடுத்தர அளவு மோட்டார்கள். பலவற்றில் 6309 முதல் 6316 வரையிலான அளவு எண்கள் கொண்ட பந்து பேரிங்குகளும், பெல்ட் இழுவை உள்ள சிலவற்றின் இயக்க முனையில் (விசிறியோ பம்போ இணையும் பக்கத்தில்) என்.யு. வகை உருளை பேரிங்குகளும் இருக்கின்றன. இவ்வளவு கருவிகளில் எங்களுக்கு அதிகப் பலன் தந்தது ஒரு சாதாரண எடைத் தராசு என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005 ஆல் பெருக்கினால், மறுமுறை இட வேண்டிய கிரீஸ் கிராமில் கிடைத்துவிடும். 6312-இன் வெளிவிட்டம் 130, அகலம் 31. ஆகவே அதற்கு ஏறக்குறைய 20 கிராம் போதும். ஆனால் கிரீஸ் துப்பாக்கியை இயக்குபவருக்குக் கிராம் தெரியாது, எத்தனை முறை அழுத்தினோம் என்பதுதான் தெரியும். ஒரு துப்பாக்கி ஒரு அழுத்தலில் தள்ளும் அளவு இன்னொன்று தள்ளும் அளவுக்குச் சமமாக இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு துப்பாக்கியிலும் பத்து அழுத்தல்களை ஒரு காகிதத்தில் பிதுக்கி எடைபோட்டு, ஓர் அழுத்தலுக்கு எத்தனை கிராம் என்று அதன் உடலிலேயே எழுதி வைத்தோம். தேவைக்கு மேல் கிரீஸ் புகுந்தால் பந்துகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏறும், கிரீஸிலிருந்து எண்ணெய் பிரியும், மிச்சம் உள்மூடியைத் தாண்டி வைண்டிங்கின் (மோட்டாரின் கம்பிச் சுருள்களின்) மேல் படியும். மிகுதிக் கிரீஸ் வெளியேறும் வடிகால் அடைப்பானைத் திறந்து வைத்துக் கிரீஸிட்டு, சிறிது நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பிறகு மூடுவது இதைப் பெருமளவு தடுக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸிடுவது என்ற இடைவெளியை நாட்காட்டி மட்டும் தீர்மானிக்க முடியாது. பேரிங் வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸிடும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. செங்குத்தாக நிற்கும் மோட்டாருக்கும் பாதி இடைவெளியே. பாலியூரியா கிரீஸ் உள்ள பேரிங்கில் லித்தியம் கிரீஸை ஏற்றினால், பல நேரங்களில் இரண்டும் சேராமல் கலவை இளகி ஒழுகிவிடும். அதனால் மோட்டாரின் பெயர்ப்பலகைக்கு அருகிலேயே கிரீஸின் வகையை ஒட்டி வைப்பது நல்லது.

அடுத்த இடம் மீயொலிக் கருவிக்கு. காதுக்கு எட்டாத 30 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றி, அதன் அளவை டெசிபலில் காட்டும் கருவி இது. பேரிங் நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த அடிப்படை அளவிலிருந்து ஏறக்குறைய 8 டெசிபல் உயர்ந்தால், கிரீஸ் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கேட்டுக்கொண்டே சிறிது சிறிதாகக் கிரீஸை ஏற்றும்போது அளவு இறங்கி நிலைகொள்ளும். மீண்டும் ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கிரீஸிட்டதும் அடங்கிய சத்தம் ஓரிரு நாளில் திரும்பி வந்தால் அங்கே பிரச்சினை கிரீஸ் அல்ல, பந்துகள் உருளும் ஓடுபாதையில் சேதம் தொடங்கிவிட்டது. இதன் குறை, உணர்முனையை வைக்கும் இடம் சற்று மாறினாலும் அளவு மாறிவிடுவதுதான். ஒவ்வொரு மோட்டாரிலும் தொட வேண்டிய புள்ளியைக் குறித்து வைக்காதவர்கள் இந்தக் கருவியை வாங்கிப் பயனில்லை.

வாயு அழுத்தத்தில் இயங்கும் தானியங்கிக் கிரீஸ் குப்பிகளையும் சில இடங்களில் பயன்படுத்தினோம். எட்டாத உயரத்தில் இருக்கும் மோட்டாருக்கு அவை உதவும்; ஆனால் மோட்டார் நின்றிருந்தாலும் அவை தள்ளிக்கொண்டேதான் இருக்கும், சுற்றுப்புற வெப்பம் மாறினால் தள்ளும் வேகமும் மாறும். அடிக்கடி நிற்கும் மோட்டார்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேனா வடிவ அதிர்வுமானியைப் பற்றிப் பலருக்கும் மிகையான நம்பிக்கை இருக்கிறது. 15 முதல் 300 கிலோவாட் வரையிலான மோட்டார், உறுதியான அடித்தளத்தில் இருந்தால், அதிர்வு வேகம் வினாடிக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டும்போது நீண்டகால ஓட்டத்துக்கு உகந்ததல்ல என்றும், 4.5-ஐத் தாண்டினால் சேதம் விளைவிக்கும் அளவு என்றும் ஐஎஸ்ஓ 10816-3 என்ற பன்னாட்டுத் தரநிலை வகுத்திருந்தது (2022-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 20816-3 வந்தது). சமநிலைக் குறைவையும், கப்ளிங்கில் இணையும் இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாத பிழையையும் கண்டறிய இந்த அளவு சிறந்தது. பேரிங்கில் தோன்றும் முதல் சிறு பிளவோ உயர் அதிர்வெண்ணில் மெல்லிய தட்டலாக மட்டுமே வெளிப்படும். வேக அளவீட்டில் அது தெரியும் நேரத்தில் பழுது முற்றியிருக்கும். பிளவை முன்கூட்டியே பிடிக்க முடுக்க அளவீடும், உறை அலைப் பகுப்பாய்வு (அந்த உயர் அதிர்வெண் தட்டல்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று பிரித்துக் காட்டும் முறை) செய்யும் கருவியும் வேண்டும்.

இந்தப் பகுப்பாய்வில் அச்சத்துக்கு இடமில்லை. வெளிவளையப் பழுதின் அதிர்வெண், பந்துகளின் எண்ணிக்கையைச் சுழற்சி அதிர்வெண்ணால் பெருக்கி அதில் ஏறக்குறைய 0.4 பங்கு, உள்வளையத்துக்கு 0.6 பங்கு. நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும், எட்டுப் பந்துகள் உள்ள பேரிங்கில் முதலாவது 79 ஹெர்ட்ஸை ஒட்டியும் இரண்டாவது 118-ஐ ஒட்டியும் வரும். உள்வளையப் பழுது சுமைப் பகுதிக்குள் (பேரிங்கில் பாரம் விழும் பக்கத்துக்குள்) புகுந்தும் வெளியேறியும் சுழல்வதால், வரைபடத்தில் அதன் கோட்டுக்கு இருபுறமும் சுழற்சி அதிர்வெண் இடைவெளியில் துணைக்கோடுகள் நிற்கும். ஓர் எச்சரிக்கை: பழுது முற்றிப் பிளவின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியதும் உயர் அதிர்வெண் அளவு குறையக்கூடும். தொடர்ந்து ஏறிவந்த அளவு திடீரென இறங்கினால், பேரிங் குணமாகிவிட்டது என்று யாரும் மகிழக் கூடாது. பேரிங்கை மாற்றுவதற்கான நாளைக் குறிக்க வேண்டும்.

அகச்சிவப்பு வெப்பமானி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பேசும். பளபளப்பான உலோகத்தில் அது காட்டும் அளவை நம்பவும் முடியாது. பேரிங் உறையின் மேல் மங்கலான கறுப்பு வண்ணத்தில் ஒரு வட்டமிட்டு அங்கேயே அளப்பது தீர்வு.

வேகம் மாற்றும் டிரைவில் ஓடும் மோட்டார்கள் தனிக் கதை. டிரைவின் மின்துடிப்புகளால் தண்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் வழியாகப் பாய்ந்து, ஓடுபாதையில் துணி துவைக்கும் பலகையின் வரிகளைப் போன்ற தடங்களைப் பதிக்கிறது, கிரீஸும் கறுத்துவிடும். பேரிங்கை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். இயக்க முனைக்கு எதிர்முனையில் மின்காப்பிட்ட பேரிங்கைப் போட்டால், தண்டு, இரண்டு பேரிங்குகள், மோட்டார் உடல் வழியாகச் சுற்றிவரும் சுற்றோட்ட மின்னோட்டம் நிற்கும். தண்டிலிருந்து நேரடியாகப் பாயும் மின்பொறிக்குத் தண்டை நிலத்தோடு இணைக்கும் தூரிகை வளையமும் தேவைப்படும். எங்கள் அனுபவத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்ட பிறகே இந்தத் தடங்கள் மறைந்தன.

கழற்றிய பேரிங்கைக் குப்பையில் எறிவதற்கு முன் வெட்டித் திறந்து பார்ப்பதை எங்கள் பணிமனையில் கட்டாயமாக்கியிருக்கிறோம். பந்து பேரிங்கின் ஓடுதடம் வெளிவளையத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் தண்டின் நீளவாக்கில் தள்ளும் தேவையற்ற அச்சுவழிச் சுமை இருந்திருக்கிறது. நகர வேண்டிய முனையின் பேரிங் உறைக்குள் இறுகிப்போய், சூடேறி நீண்ட தண்டு இரண்டு பேரிங்குகளையும் எதிரெதிராகத் தள்ளியிருக்கலாம். பந்துகளின் இடைவெளியிலேயே மங்கலான பள்ளங்கள் இருந்தால், ஓடாமல் நின்ற காலத்தில் அருகிலுள்ள இயந்திரங்களின் அதிர்வு அவற்றைத் தோண்டியிருக்கிறது. இதற்காகவே மாற்று மோட்டார்களின் தண்டைக் குறித்த இடைவெளியில் கையால் சுழற்றி, பந்துகள் வேறு இடத்தில் நிற்கும்படி விட்டுவருகிறோம். புதிய பேரிங்கை, மின்காந்தத் தூண்டலால் சூடேற்றும் தூண்டல் சூடாக்கியில் 110 டிகிரி வரை மட்டும் சூடாக்கி ஏற்றுகிறோம். சூடாக்கி முடித்ததும் காந்தத் தன்மையை நீக்கும் வசதி இல்லாத சூடாக்கியை வாங்க வேண்டாம்.