கேம் டிசைன் கோர்ஸ்னு 48,500 ரூபாயை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க: கிருஷ்ணகிரி, தர்மபுரி பசங்க தயவுசெஞ்சு படிங்க

48,500 ரூபாய். கோர்ஸ் ஃபீஸ் 42,000, 'சாஃப்ட்வேர் லைசென்ஸ்' 6,500. பி.எஸ்சி. படிக்கற தம்பிக்காக அம்மா சீட்டு எடுத்துக் கட்டின காசு. வாங்கினது கிருஷ்ணகிரில மாடியில நடக்கற ஒரு ட்ரெய்னிங் சென்டர். புகார் கொடுக்கப் போறதால பேரைப் போடல. 'யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டோட கேம் டிசைன், புரோகிராமிங், 6 மாசம்'னு காலேஜ் வாசல்ல நோட்டீஸ் கொடுக்கற வகை.

எப்படி நம்ப வச்சாங்க தெரியுமா? பெரிய டிவில ஒரு 3டி ஓட்டப்பந்தய கேம் ஓடிட்டு இருந்துச்சு. "போன பேட்ச்ல பாலக்கோட்டுப் பையன் பண்ணதும்மா, நீங்களே ஆடிப் பாருங்க"ன்னு அம்மா கையில போனைக் கொடுத்துட்டாங்க. அம்மா விரலால தள்ளித் தள்ளி நாணயம் பொறுக்கினாங்க, சிரிச்சாங்க. நம்ம பையனும் இப்படி ஒண்ணு பண்ணுவான்னு தோணாதா? அங்கயே 20,000 ஜிபே ஆயிடுச்சு.

அந்த கேமை எந்தப் பையனும் பண்ணல. 'ஃபைனல் புராஜெக்ட்'னு தம்பிக்குப் பென்டிரைவ்ல கொடுத்ததும் அதே கேம்தான். அசெட்ஸ் ஃபோல்டரைத் திறந்தா உள்ள வெளிநாட்டு டெவலப்பர் பேர்ல ஒரு ஃபோல்டர், படத்தையும் கலரையும் எப்படி மாத்தறதுன்னு ஒரு பிடிஎஃப். அசெட் ஸ்டோர்னு கேமுக்கான ரெடிமேட் சாமான் விக்கற ஆன்லைன் கடையில காசுக்குக் கிடைக்கற டெம்ப்ளேட். ஓடறவன் சட்டைக் கலரை மாத்தி சென்டர் லோகோவை ஒட்டியிருக்காங்க, அவ்வளவுதான் வேலை.

லைசென்ஸ் 6,500 அதை விடக் கொடுமை. அங்க சொல்லித் தந்தது யூனிட்டிங்கற கேம் பண்ற சாஃப்ட்வேர், அதோட பர்சனல் பதிப்பு இலவசம். 12 மாசத்துல 2 லட்சம் டாலருக்கு மேல வருமானமோ முதலீடோ வந்தாதான் காசு கட்டற பதிப்புக்குப் போகணும். கோடோ (Godot)ங்கற இன்னொரு கேம் சாஃப்ட்வேர் எம்ஐடிங்கற ஓபன் சோர்ஸ் லைசென்ஸ்ல வர்றது, எதுக்குமே காசு கிடையாது. அன்ரியல்ங்கற இன்னொரு கேம் சாஃப்ட்வேரும் படிக்க இலவசம். இல்லாத லைசென்ஸுக்கு ரசீது வேற போட்டுக் கொடுத்திருக்காங்க!

பாடம் எப்படின்னா, வேரியபிள், லூப், ஃபங்ஷன், அர்ரே எதுவுமே சொல்லித் தராம முதல் நாளே யூனிட்டியைத் திறந்து 'இதை இழுத்து அங்க போடு'. வெக்டர்னா (திசையும் அளவும் சேர்ந்தது) என்னன்னு கடைசி வரைக்கும் வரல. கேம்ல பொருளை நகர்த்த தம்பி நோட்டுல எழுதியிருக்கற புரோகிராம் கோடைப் (code) பார்த்தேன். ஒரு ஃப்ரேமுக்கு (திரையில படம் ஒரு தடவை மாறறதுக்கு) 0.1ன்னு தூரத்தைக் கூட்டியிருக்கு, டெல்டா டைமால, அதாவது போன ஃப்ரேமுக்கு ஆன நேரத்தால, பெருக்கல. லேப் கம்ப்யூட்டர்ல விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடினா 6 யூனிட் நகரும். போன்ல யூனிட்டி இயல்பா 30 ஃப்ரேம்தான் ஓட்டும், அங்க 3 யூனிட். அதே கேம் பாதி வேகம். ஏன்னு கேட்டதுக்கு "உன் போன் ஸ்லோ"ன்னு பதில்.

பந்து சுவத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிடுதுன்னு கேட்டிருக்கான். "சுவத்தை இன்னும் தடிமனாக்கு"ன்னு சொன்னாராம் அந்த சார். டிரான்ஸ்ஃபார்ம் பொசிஷனை, அதாவது பொருள் இருக்கற இடத்தோட எண்ணை, நேரா மாத்தினா பிசிக்ஸைக் கேக்காமலே பொருள் இடம் மாறிடும். பொருளை பிசிக்ஸுக்கு உட்படுத்தற ரிஜிட்பாடி வழியா நகர்த்தணும், அந்தக் கோடு ஃபிக்ஸட் அப்டேட்ங்கற ஃபங்ஷன்ல இருக்கணும் (இயல்பா 0.02 விநாடிக்கு ஒரு தடவை ஓடும்), வேகமான பந்துன்னா மோதலைக் கண்டுபிடிக்கற கொலிஷன் டிடெக்‌ஷனை கன்டினியூவஸ்னு மாத்தணும். இதெல்லாம் முதல் செமஸ்டர் சமாச்சாரம். சொல்லித் தர வேண்டியவருக்கே தெரியல.

கோடு மாறறதைப் பதிவு பண்ணி வைக்கற கிட் (Git) சாஃப்ட்வேர் கிடையாது, எல்லாம் பென்டிரைவ். பல ஜிபி லைப்ரரி ஃபோல்டரைச் சுமந்துட்டு வருவாங்க, அது தேவையே இல்ல, யூனிட்டி தானா மறுபடி உருவாக்கிக்கும். அசெட்ஸ், பேக்கேஜஸ், புராஜெக்ட் செட்டிங்ஸ் மூணு போதும். ஆனா மெட்டா ஃபைல்களைக் 'குப்பை'ன்னு அழிக்கச் சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு ஃபைலோட அடையாள எண்ணும் அதுலதான் இருக்கு. அழிச்சா கேம் சீன் முழுக்க 'மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட்' (கோடு காணோம்)னு வரும். தம்பி சொந்தமா பண்ண ஒரே குட்டி கேம் அப்படித்தான் போச்சு. அவன் அழுததை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

கேம் டிசைன்னு ஒரு வகுப்பு கூட நடக்கல. அதுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாமே! ஆடுபுலி ஆட்டத்துல 3 புலி, 15 ஆடு. ஆட்டை 10ஆ குறைச்சு நாலு பேரை ஆட வச்சா விதியில ஒரு எண் மாறினா ஆட்டமே எப்படிச் சாயுதுன்னு ஒரு மதியத்துல புரிஞ்சிடும். பேப்பர்ல ஆடிப் பார்த்து, ஒரு பக்கத்துல விதிகளை எழுதி, அப்புறம் கோடு. ஒழுங்கான காலேஜ்ல பந்தும் மட்டையும் மாதிரி ஒரு சின்ன கேமைத் தொடங்கி, ஸ்கோர், தோல்வி, மறுபடி ஆடறதுன்னு முழுசா முடிக்க வைப்பாங்க.

பணத்தைக் கேட்டா? "சார் மீட்டிங்ல இருக்காரு." "ஹெட் ஆபீஸ் பெங்களூர்ல, மெயில் போடுங்க." "ஆடி முடியட்டும்." "அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா உக்காரச் சொல்லுங்க." இப்ப வாட்ஸ்அப்ல ரெண்டு டிக்கோட சரி. சர்டிபிகேட்ல யுனிவர்சிட்டி பேர் பெருசா இருக்கு, பதிவு எண் இல்ல. அந்த யுனிவர்சிட்டிக்குப் போன் பண்ணா அப்படி ஒரு சென்டரே எங்களுக்குக் கிடையாதுங்கறாங்க. 48,500 ரூபாய்ங்க!

நிதானமா எழுத முடியல, அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கங்க. யுனிவர்சிட்டி பேர் சொன்னா நேரா அந்த யுனிவர்சிட்டியையே கேளுங்க. 'மாணவர் பண்ண கேம்'னு காட்டினா அந்தப் பையன் கோடை விளக்கச் சொல்லுங்க. யூனிட்டிக்கு லைசென்ஸ் காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. மொத்தமா கட்டாதீங்க, ரசீது, ஜிபே, நோட்டீஸ் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. ஏற்கெனவே மாட்டினவங்க தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குக் கூப்பிடுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள போடணும், கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் மனுவுக்கு ஃபீஸ் இல்ல. அவங்க அடுத்த பேட்சுக்கு தர்மபுரில ஆள் சேக்கறாங்க, உங்க காலேஜ் குரூப்ல இதைப் போடுங்க.