சாம்சங் டி7 எஸ்எஸ்டி: பேக்கப்புக்கு இது ஒன்றே போதுமா?

டி7 ஒரு போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது தகவலைச் சிப்பில் சேமிக்கும் வெளி டிஸ்க். எடை 58 கிராம்தான். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் மேசையிலிருந்து தவறி விழுந்தாலும் தாங்கும். வேகம் நொடிக்கு 1,050 மெகாபைட் வரை என்கிறார்கள். அது கிடைக்க கணினியிலும் 10 ஜிகாபிட் யுஎஸ்பி போர்ட் இருக்க வேண்டும். 5 ஜிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 400 சொச்சம் மெகாபைட்தான் வரும். அந்த வேகத்தில் 500 ஜிபி வீடியோவை நகலெடுக்க இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். தெரியாமல் யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் அதே வேலை மூன்றரை மணி நேரம் இழுக்கும். சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எதில் செருகினாலும் மெதுவாகத்தான் போகும்.

டி7 எக்ஸ்ஃபேட் ஃபார்மெட்டில் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) வருகிறது. இதில் ஜர்னலிங், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி, கிடையாது. எழுதும்போது கேபிள் கழன்றால் ஃபோல்டர்களே காணாமல் போகலாம். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மெட்டுக்கு மாற்றிவிடுங்கள். மேக்கில் அதன் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் தானே ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஃபார்மெட்டாக ஆக்கிக்கொள்ளும். பாஸ்வேர்டு வசதி நல்லதுதான், ஆனால் மறந்துவிட்டால் எல்லாவற்றையும் அழித்துத்தான் டிஸ்க்கைத் திறக்க முடியும்.

எங்கள் தயக்கமெல்லாம் நீண்ட காலச் சேமிப்பில்தான். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே சிப் துறைக்கான தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலை. சிங்கப்பூரில் ஏர்கான் போடாத வீவக (அடுக்குமாடி) வீட்டு அறையில் பகலில் 30 டிகிரி சாதாரணம். புது டிஸ்க் இதைவிட வெகுகாலம் தாங்கும் என்றாலும், அலமாரியில் போட்டு வருடக்கணக்கில் மறந்துவிடும் பொருள் இதுவல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, கோப்புகளை முழுக்கப் படிக்க விடுங்கள்.

ஆகவே இரண்டாவது பிரதிக்கு 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும். காந்தப் பதிவு மின்சாரம் இல்லாமலும் நிற்கும், ஒரு டிபிக்கு ஆகும் விலையும் குறைவு. இந்த அளவில் பல மாடல்கள் எஸ்எம்ஆர் என்ற பதிவு முறையில் இயங்குபவை. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நெடுநேரம் எழுதும்போது வேகம் சட்டென்று விழும். பழுது என்று பயந்து பிடுங்காதீர்கள். முதல் பேக்கப்பை இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள், ஓடும்போது டிஸ்க்கை அசைக்க வேண்டாம். வைக்கும் இடமும் முக்கியம்: வீட்டிலுள்ள காற்றோட்டமில்லாத பாம் ஷெல்ட்டர் (பாதுகாப்பு அறை) கூடவே கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் கணினியில் செருகி வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தம்ப் டிரைவை பேக்கப் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். இணையத்தில் சில பத்து வெள்ளிக்கு விற்கும் ‘16 டிபி எஸ்எஸ்டி’ அப்பட்டமான போலி. உள்ளே சிறிய மெமரி கார்டு இருக்கும். அது நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் வீண். எதை வாங்கினாலும் காலியாக இருக்கும்போதே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். அது முடியும்வரை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.